முட்டித் தண்ணியில் ஓடிய லப்டொப்

ரொட்டி சுடுகிற மின்தட்டை வைத்து லப்டொப்புக்குள் இருக்கிற பலகைக்குச் சூடு காட்டும் அடுப்பு ஒன்று செய்தேன். நெல் மில்லில் கழித்துப் போட்ட ரேடியேட்டர் விசிறியால் நாலு லப்டொப்புக்கு ஒரே நேரம் காற்றடிக்கும் மேசை செய்தேன். சைக்கிள் கம்பியை அரத்தில் ராவி, நுளம்பின் காலைக்கூடப் பிடிக்கும் இடுக்கி செய்தேன். பழைய பிரிட்ஜின் செப்புக் குழாயைத் தட்டித் தகடாக்கி, லப்டொப்புக்குள் சூடேறும் சிப்பின் மேல் பெரிய பெரிய கம்பனிக்காரர் ஒட்டி அனுப்பும் ரப்பர் துண்டுகளை எறிந்துவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். கடைசியாக, தண்ணீரில் ஓடும் லப்டொப் செய்தேன். வாவியைச் சுற்றியிருக்கிற ஊர்களில் அப்படி ஒன்றை வேறு யாராவது செய்திருந்தால் ஆரையம்பதிக்கு வந்து என்னிடம் சொல்லலாம். தேத்தண்ணி தருவேன்.

இவ்வளவும் செய்தவன் படித்தது ஆறாம் வகுப்புப் பாதி. "பாதியில்ல, கால்வாசி" என்று என் மனைவி திருத்துவாள். கால்வாசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் என் பெருமை இன்னும் கூடுகிறது, குறையவில்லை.

வெல்லாவெளிப் பக்கம் நெல் மில் எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்வதுதான் என் முதல் வேலை. எஞ்சினைக் கழற்றத் தெரியாத வயதிலேயே, அது எப்போது கொதிக்கப் போகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்வேன். மறுகா பிரிட்ஜ், மறுகா டீவி, மறுகா லப்டொப். சாமான் மாறியது, சங்கதி மாறவில்லை. எல்லாவற்றுக்குள்ளும் ஒரு சூடு உட்கார்ந்திருக்கிறது. வெளியே போக வழி தெரியாமல் தவிக்கிறது. வழி காட்டுகிறவன் நான்.

பழைய லப்டொப்புகளில் திரைக்குப் படம் அனுப்பும் சிப் ஒன்று தனியாக இருக்கும். கிராபிக் சிப் என்பார்கள். அதுதான் முதலில் வாயைப் பிளக்கும். வருசக்கணக்காகச் சுட்டு, ஆறி, சுட்டு, ஆறி, உள்ளுக்குள் பிடி விட்டுப்போகும். திரையில் முதலில் கோடு விழும், பிறகு சாறிக் கரை மாதிரிக் கட்டம் கட்டமாக வரும், பிறகு கறுப்பு. பலகையைக் கழற்றி அளவாகச் சூடு காட்டினால் எழும்பிவிடும். ஆனால் அது சுகமான மாதிரி இல்லை, தவணை வாங்கின மாதிரி. இந்த உண்மையைச் சொல்லாமல் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்லிவிட்டுத்தான் கழற்றுவேன்.

போன வருசம் ஒரு காலை, காத்தான்குடியில் இருந்து ஒரு பெண்பிள்ளை ஓட்டோவில் வந்து இறங்கினாள். கையில் குழந்தையைத் தூக்குவது மாதிரி ஒரு பொதி. அவிழ்த்தால் லப்டொப். அதற்கு வெல்வெட்டில் ஒரு சட்டை. சட்டையில் ரோசாப்பூ, இலை, ஓரத்தில் லேஸ்.

"ஐயா, இதில கோடு விழுது. பட்டணத்தில ஏசி போட்ட கடையில காட்டினன். செத்துப் போச்சு, புதுசு வாங்குங்க எண்டு செல்லிட்டாங்க."

"வாங்கினா என்ன புள்ள?"

"வாங்கி என்னத்துக்கு? என்ட பூப் போடுற மிசின் இதோட மட்டும்தான் பேசும். அந்த அகலமான வயர் குத்துற ஓட்டை புது லப்டொப்புல இல்ல. பூக்கீறுற புரோகிராமும் இதை விட்டு வராதாம். வித்த கம்பனியும் இப்ப இல்ல."

பிறகு முழுக்கதையையும் சொன்னாள். பத்து வருசம் ஒரு தையல் கடையில் கூலிக்குப் பூப் போட்டவள், அங்கேயும் இந்த லப்டொப்பைக் கொண்டுபோய்த்தான். கடைக்காரர் புது மிசின் வாங்கியபோது கழித்த பழைய மிசினைத் தன் கணக்கில் எடுத்து, வீட்டில் வைத்துத் தனியாகத் தொடங்கியிருக்கிறாள். கடைக்காரர் எல்லோருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறார், ஒரு மாதத்தில் திரும்பி வருவாள், அவள் உட்கார்ந்த கதிரையை எடுக்காதீங்க என்று. இப்போது அவளுக்கு முதல் பெரிய ஓடர். ஒரு கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் சாறி முந்தானையும், தோழிகள் பத்துப் பேருக்குத் தோளில் போடும் சோலும். அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். செய்து கொடுத்தால் கதிரையை எடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டால் அவள் போய் உட்கார வேண்டியதுதான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே துள்ளல். ஏசி கடைக்காரன் செத்தது என்று சொன்னதை எழுப்புவதை விட இந்த வயதில் வேறென்ன சந்தோசம்.

லப்டொப்பைக் கவிழ்த்தேன். கவிழ்த்த கையோடு அவளைப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுக்க ஒட்டியிருந்த பொலித்தீன் அப்படியே இருக்கிறது. கட்டாரில் இருந்து புருசன் அனுப்பி எட்டு ஒன்பது வருசம். காற்று இழுக்கிற துவாரத்துக்கு மேலால் பொலித்தீன்.

"ஏன் புள்ள இதை உரிக்கல்ல?"

"புதுசாவே இரிக்கட்டும் எண்டுதான்."

"வேலை செய்யக்குள்ள இந்தச் சட்டை?"

"போட்டுத்தான் வெச்சிரிப்பன். நூல் தூசி படும்தானே."

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடை மீன்வலைக்காரர் எட்டிப் பார்த்தார். மூச்சு விட வழியில்லாமல் போர்வை போர்த்தி, வாயில் பிளாஸ்டர் ஒட்டி, ஒன்பது வருசம் பூப் போட வைத்திருக்கிறாள். அப்படியும் ஓடியிருக்கிறது அந்தச் சாமான். பொலித்தீனை நான் உரித்தபோது தன் தோலை உரித்தது மாதிரி முகத்தைச் சுளித்தாள். உள்ளே விசிறியில் சிவப்பு, பச்சை, தங்க நிற நூல்பஞ்சு பாய் பின்னின மாதிரி இறுகிக் கிடந்தது. முழுசாக ஒரே துண்டாகக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். "இதையும் ஒரு டிசைனா வெச்சுக்க" என்றேன். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பலகையைச் சுற்றிச் சோற்றுப் பார்சல் கட்டும் வெள்ளித்தாளை ஒட்டி, சிப்பை மட்டும் திறந்துவிட்டு, கீழே ரொட்டித்தட்டு, மேலே சூட்டுக்காற்று. ஓரமாக ஒரு குன்றிமணி அளவு ஈயம் வைத்திருந்தேன். அது உருகி மினுங்கினதும் கையை எடுத்தேன். ஆறவிட்டு, செப்புத் தகடு வைத்துப் பூட்டிக் கரண்ட் கொடுத்தால் திரை கண்ணாடி மாதிரி. அவள் இரண்டு கையையும் ஏந்தி அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நன்றி அங்கே போனது சரிதான். ஆனால் வழியில் நானும் நின்றேன் என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. மூன்று சோல் முடிந்துவிட்டது, நாலாவதில் இரண்டு மணித்தியாலம் ஓட்டினால் கோடு விழுகிறது. ஆறவிட்டால் நிற்கிறது, ஓட்டினால் வருகிறது. அந்தக் கணக்கில் போனால் வெள்ளிக்கிழமைக்கு முந்தானை முடியாது.

சாமான் மூட்டையை மோட்டர் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்கே போனேன். அவள் மாமியார் வாசலில் நின்றார். புருசனைப் பெற்றவர், வீட்டை ஆள்கிறவர்.

"நீங்கதானா அந்தப் பெரிய வேலைகாரன்? வாங்க தம்பி."

எனக்கு அறுபத்தெட்டு வயது. என்னைத் தம்பி என்று கூப்பிட ஊர் உலகத்தில் அவர் ஒருவர்தான் மிச்சம். நானும் அக்கா முறை வைத்து ராத்தா என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

பழைய பிரிட்ஜின் மெல்லிய செப்புக் குழாயை இரண்டு வளையமாக வளைத்து, லப்டொப்புக்குள் சூட்டைக் கடத்துகிற தண்டோடு சேர்த்துச் செப்புக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். ஈயம் வைக்கக் கூடாது, தண்டு வெடிக்கும். இன்னொருவருடைய லப்டொப்பில் படித்த பாடம் அது. குழாயின் இரண்டு நுனியையும் பக்கத்தால் வெளியே எடுத்து, மீன்தொட்டி மோட்டரோடு பூட்டி, மோட்டரை ஒரு வாளிக்குள் இறக்கினேன். வாளிக்குள் தண்ணீரும் ஐஸ்கட்டியும்.

"லப்டொப்புக்கு சேலைன் ஏத்திறீங்களா தம்பி?" என்றார் மாமியார்.

"பார்த்துக்கொண்டிருங்க ராத்தா."

ஓடியது. எப்படி ஓடியது என்கிறீர்கள். கையை வைத்தால் வாழைத்தண்டு மாதிரிக் குளிர்ச்சி. ஒரு சோல் முடிந்தது, அடுத்தது முடிந்தது, விசிறிகூடச் சத்தம் போடவில்லை. நான் நடுவீட்டில் கதிரை போட்டு உட்கார்ந்து, நெல் மில் காலத்தில் இருந்து என் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினேன். மாமியார் வெற்றிலை மடித்துக்கொண்டே, "இதெல்லாம் உங்கட பொஞ்சாதிக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மணப்பெண்ணின் முந்தானை ஏற்றியாயிற்று. முதல் மயில் பாதி வந்திருக்கும். ஏதோ ஒரு நினைப்பில் குனிந்து பார்த்தேன். செப்புக் குழாய் முழுக்க முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. ஒரு துளி பலகைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது, விழவா வேண்டாமா என்று.

காலால் கரண்ட் வயரை உதைத்தேன். பெற்றரி எப்போதோ செத்ததால் லப்டொப் அந்தக் கணமே நின்றது. மிசினும் நின்றது. ஊசி மணப்பெண்ணின் மயிலின் கழுத்தில்.

அந்தப் பெண்பிள்ளை ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐஸ் போட்டால் கிளாஸ் வேர்க்கும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வாவிக் காற்றுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த நான் அதை மறந்திருந்தேன். ஏன் மறந்தேன்? என் சரித்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்ததால்.

"கதிரைய எடுத்திரிக்க மாட்டாங்க" என்றாள் அவள், மெதுவாக. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

தலைமயிர் காயவைக்கும் மிசினை அவளிடம் வாங்கி, பலகையை ஓரம் ஓரமாகக் காயவைத்தேன். துளி விழவில்லை, விழப்போனது மட்டும்தான். ஆனால் குளிர்ச்சி இல்லாமல் ஓட்டினால் கோடு, ஐஸ் வைத்தால் மழை.

மாமியார் எனக்கு ஐஸ் போட்டுக் கரைத்த நன்னாரி ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தார். தனக்குக் குசினியில் குடிதண்ணீர் ஊற்றி வைத்த மண்முட்டியில் மொண்டு ஒரு சில்வர் குவளை. "ஐஸ் எனக்கு ஒத்துக்காது. முட்டித் தண்ணிதான்" என்றபடி உட்கார்ந்தார். நான் பார்த்தேன். என் கிளாஸைச் சுற்றி மேசையில் குளம். அவருடைய குவளை காய்ந்து கிடக்கிறது. தொட்டேன். குளிர்ச்சி. துடைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை.

"என்ட குவளைக்கு என்ன?"

"ராத்தா, அந்த முட்டிய எனக்குத் தாங்க."

"என்னத்துக்கு?"

"லப்டொப்புக்கு."

"அப்ப நான் எதில குடிக்கிற?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நன்னாரி குடிங்க."

முட்டியைச் சன்னலோரம் காற்றுப் படுகிற இடத்தில் மணலுக்கு மேல் வைத்து, மோட்டரை உள்ளே இறக்கி, முட்டியின் முதுகுக்கு ஒரு சின்ன விசிறியும் வைத்தேன். முட்டி வெளியே வேர்க்கும், உள்ளே ஆறும். குழாயோ காய்ந்தபடி. ஐஸ் அளவுக்குக் குளிர் இல்லை. ஆனால் கோடு விழாத அளவுக்குப் போதும். மிசின் நின்ற தையலின் இலக்கத்தைக் கொடுத்ததும் ஊசி மயிலின் கழுத்தில் இருந்தே தொடங்கியது. முந்தானையைப் பிடித்துப் பார்த்தால் நின்ற இடம் தெரியாது. எனக்குத் தெரியும். கேட்டாலும் காட்ட மாட்டேன்.

நான் அந்த வீட்டில் குதித்தேன் என்று மாமியார் இன்றைக்கும் சொல்லித் திரிகிறார். குதிக்கவில்லை. கொஞ்சம் துள்ளினேன். அவரும் துள்ளினார், அதைச் சொல்ல மாட்டார்.

வியாழக்கிழமை பகலே பத்துச் சோலும் முந்தானையும் போய்ச் சேர்ந்தன. அடுத்த கிழமை கடைக்காரர் கதிரையை எடுத்துவிட்டார் என்று செய்தி வந்தது. இப்போது அவளிடம் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அந்த லப்டொப் இன்னும் முட்டித் தண்ணியில்தான் ஓடுகிறது. மாமியாருக்கு வேறு முட்டி வாங்கினாயிற்று.

இனித்தான் எழுத வந்த விசயம். போன மாதம் பட்டணத்தில் சொந்தத் தொழில் செய்யும் பெண்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். அவளையும் கூப்பிட்டார்கள். மிசின், லப்டொப், முட்டி, குழாய் எல்லாம் மேசையில். சனம் முட்டியைப் பார்க்கத்தான் நெருக்கியது. நானும் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு போனேன். மேசையில் ஒரு அட்டை. மிசின் இன்னது, புருசன் அனுப்பிய லப்டொப், பூ வேலை இவருடையது என்றெல்லாம் அச்சடித்து, கடைசி வரியில் இப்படி இருந்தது: பாரம்பரிய முறையில் குளிரூட்டப்படும் கணினி.

அட்டை எழுதிய உத்தியோகத்தரைப் பிடித்தேன்.

"தம்பி, இது எந்தப் பாரம்பரியம்?"

"மண்முட்டி பாரம்பரியம்தானே ஐயா."

"முட்டி சரி. பிரிட்ஜ் குழாய் எந்த ராசா காலத்துல? மீன்தொட்டி மோட்டர் யார்ட பூட்டன் கண்டுபிடிச்சது?"

அந்தப் பெண்பிள்ளை இடையில் வந்தாள். "நான் ஐயாட பேரைச் செல்லினன். அவங்கதான் போடல்ல."

"அட்டையில இடம் இல்ல ஐயா" என்றார் அவர். "மாத்திறதெண்டா எழுத்தில தாங்க."

எழுத்தில் கேட்டார். இதோ எழுத்தில். இனி எந்தக் கண்காட்சியில் அந்த முட்டியை வைத்தாலும் பாரம்பரியம் என்ற சொல்லை வெட்ட வேண்டும். பாரம்பரியத்துக்குக் கை இல்லை. குழாய் வளைத்தது என் கை, ஐஸ் வைத்துப் பிழை விட்டதும் என் கை, திருத்தியதும் அதே கை. முட்டியைக் கொடுத்த மாமியாரின் பெயரையும் போடுங்கள், அவருடைய குவளை இல்லாவிட்டால் எனக்குப் புத்தி வந்திருக்காது. ஆனால் அவருடைய பெயருக்கு மேலே என் பெயர் வர வேண்டும். முழுப் பெயர், தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு, ஆரையம்பதி என்று ஊரும் சேர்த்து. இடம் போதாவிட்டால் அட்டையைப் பெரிதாக வெட்டுங்கள்.