ஏணியில் ஏறாதவர்

விமானக் கொட்டகையில் அவருக்குக் கழுகுக்கண் என்று பெயர். கிண்டலுக்கு வைத்ததல்ல. ஒருவர் பார்த்த வேலையை இன்னொருவர் சரிபார்த்த பிறகே விமானம் வெளியே போகலாம் என்பது அங்கே சட்டம். சரிபார்ப்பவர் இவர். டார்ச்சும் கையுமாக வந்தாலே மெக்கானிக்குகள் தாங்கள் முடித்த வேலையை இன்னொரு தரம் பார்த்துக்கொள்வார்கள். ஏணியில் ஏறி, குனிந்து, விரலால் தடவிப் பார்க்காமல் யார் வேலையையும் விட்டதில்லை, தங்கை வீட்டுக்காரர் வேலையைத் தவிர.

கல்யாணமான புதிதில் அந்த மாப்பிள்ளையின் வேலையையும் ஏறித்தான் பார்த்தார். குறை ஒன்றுமில்லை. ஆனாலும் மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. சாயங்காலமே தங்கை வந்து நின்றாள். "நாலு பேர் எதிர்ல அவர் வேலையைச் சந்தேகப்படலாமா அண்ணா?" அன்றிலிருந்து கீழே நின்றே, "என்ன மாப்ள, சரிதானே?" என்பார். மேலேயிருந்து, "சரிதான் மச்சான்" என்று பதில் வரும். மாப்பிள்ளை மரியாதையை விமானத்தின் வால் வரைக்கும் கொண்டுபோன புத்திசாலிகள் உலகத்திலேயே இவர்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான். வால் இறக்கையை ஏற்றி இறக்கும் நீளமான திருகுக்கு மாப்பிள்ளை கிரீஸ் அடித்தார். ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் பழைய கிரீஸ் பிதுங்கி வரவேண்டும். மச்சான் பார்த்துக்கொள்வார் என்று அவர் மறுபக்கம் பார்க்கவில்லை. மாப்பிள்ளை பார்த்திருப்பார் என்று மச்சான் ஏணியைத் தொடவில்லை. திருகின் நட்டில் கிரீஸ் போகிற துளை அடைத்துக் கிடந்தது, உள்ளே ஒன்றும் போகவே இல்லை. காய்ந்த திருகில் மரை தேய்ந்துகொண்டே போய், சில வாரம் கழித்து நடுவானில் நட்டு கழன்றது. விமானம் கடலில் விழுந்தது. ஏறியவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

விசாரணையில் மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "மச்சான் ஏறிப் பார்த்தார். அவர் கண்ணுக்குத் தப்பணும்னு நான்தான் மறுபக்கம் பழைய கிரீஸைப் பிதுங்கின மாதிரி பூசி வெச்சேன்." பூசவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு வீட்டு அடுப்பாவது எரியட்டும் என்று சொன்ன பொய் அது. கழுகுக்கண் அங்கேயே எழுந்து மறுத்திருக்கலாம். எழவில்லை. பயம்தான், வேறென்ன?

வெளியே வந்தபோது, மகளைப் பறிகொடுத்த ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்களாவது ஒழுங்காப் பார்த்தீங்களே ஐயா." அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே அவருக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை சிறைக்குப் போய் வந்து, இப்போது தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்கிறார். தங்கை அவரோடு பேசுவதில்லை. தட்டை ணங்கென்று வைக்கிற சத்தம்தான் பேச்சு. அண்ணனைக் கண்டால் மட்டும் அவள் முகம் மலரும். அதைப் பார்க்கப் பார்க்க அண்ணனுக்குக் குற்ற உணர்ச்சி நெஞ்சை அறுக்கும். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், தங்கை வீட்டில் மாப்பிள்ளையோடு சாப்பிடும்போது சொல்லியேவிட்டார்.

"நான் அன்னைக்கு ஏணியில ஏறவே இல்லம்மா. மாப்பிள்ளை எதையும் பூசல. என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னார்."

தங்கை கரண்டியோடு அப்படியே நின்றாள். கண் கலங்கிற்று. பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், கணவரைப் பார்த்துப் பேசினாள்.

"பாருங்க, நல்லாப் பாருங்க. நீங்க செஞ்ச பாவத்தை எங்க அண்ணன் தன் தலையில இழுத்துப் போட்டுக்கிறார்."

"இல்லம்மா, சத்தியமா ஏறல."

"நீங்க சும்மா இருங்கண்ணா. உங்க மனசு எனக்குத் தெரியாதா?" மறுபடியும் கணவர் பக்கம் திரும்பினாள். "நீங்களே உங்க வாயால சொல்லுங்க. ஏறினாரா, இல்லையா?"

மாப்பிள்ளை தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"ஏறினார்" என்றார்.

தங்கை அண்ணன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள். அண்ணன் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் குனிந்து சாப்பிட ஆரம்பித்தார்.