தம்பியைக் கூப்பிட்ட காட்சி

எங்கள் ஏரிக்கரையில் படம் எடுக்க வந்தவர்கள், படகுக்காகக் காத்து நிற்கும் பெண்களில் ஒருத்தியாக என்னையும் நிறுத்தினார்கள். வசனம் கிடையாது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதும். ஆனால் தூரத்தில் படகு தெரிந்ததும் என்னையறியாமல் என் தம்பியின் பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து அவன் போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

இயக்குநர் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். சின்ன வயசுக்காரர்.

“இத படத்துல போட்றாதீங்க சார்” என்றேன்.

“போடமாட்டேன்க்கா” என்றார். பொன்னேரி தியேட்டரில் பார்த்தபோது என் முதுகு மட்டும்தான் வந்தது.

போன வருடம் அவர் போன் செய்தார். நான் இறால் உரித்துக்கொண்டிருந்ததால் வீட்டுக்காரர் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டார்.

“தியேட்டர்ல வந்தது, நீளத்தக் குறைக்கணும்னு தயாரிப்பாளர் வெட்ட வெச்ச படம்க்கா. இப்ப நான் மனசுல வெச்சிருந்த மாதிரியே முழுசா வெளியிடப்போறோம். செல்போன்லயே பாக்கலாம். வெட்டினதெல்லாம் சேத்துட்டேன். நீங்க கூப்பிட்ட இடம் மட்டும் பாக்கி.”

“அது இல்லாட்டி படம் ஓடாதா சார்?”

“ஓடும்க்கா. ஆனா நான் எடுக்க நெனச்ச படமே அந்த இடத்துலதான் இருக்குது. நீங்க வேணாம்னா போடமாட்டேன்.”

அனுப்பி வைக்கச் சொன்னேன். மதியம் சோறாக்கிவிட்டு இருவரும் பார்த்தோம். காற்றில் முடி முகத்தில் அடிக்க, நான் வாய் திறந்து அவனைக் கூப்பிடுகிறேன். வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இன்னாத்துக்கு இது? ஊரே பாக்கணுமா? வேணாம்னு சொல்லிடு.”

நான் மறுபடி போட்டுப் பார்த்தேன். அழுகை வரும் என்று எங்கள் வீட்டில் யாரும் அவன் பேரைச் சொல்வதில்லை. அம்மாகூட ‘சின்னவன்’ என்றுதான் சொல்வாள். செல்போனுக்குள் அந்தப் பேரை நான் தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“இருக்கட்டும்” என்றேன். “இப்பல்லாம் அவன யாரு பேர் சொல்லிக் கூப்புடறாங்க?”

வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கினார். அவரே இயக்குநரைக் கூப்பிட்டுச் சொன்னார்.

படம் வெளிவந்ததும் சுண்ணாம்புக்குளத்தில் அம்மா வீட்டுக்குப் போய் அவளுக்குக் காட்டினேன். அந்த இடம் வந்தபோது அவள் அழவில்லை. போனை வாங்கிக் காதோடு வைத்துக்கொண்டு, “இன்னொரு தபா போடு” என்றாள். கேட்டு முடித்ததும் தம்பியின் பேரைச் சொன்னாள்.

“அவனுக்கு நண்டுன்னா உசுரு. ஓட்டக் கடிச்சி பல்லு ஒடச்சிக்கினானே, நாபகம் இருக்கா?”

இருந்தது. இருட்டும்வரை அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.