நேற்று வரும் கப்பல்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவள் நான். ஆனாலும் கட்சால் தீவுக்குக் கப்பல் ஏற மூத்த மகன் சரியென்று சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்தபோதுதான் என் வீட்டுக்காரரைச் சுனாமி கொண்டுபோனது. அந்தக் கரையில் ஒருமுறை விளக்கேற்ற வேண்டும். மகனோ, முட்டிவலிக்காரி என்று இந்தத் தீவில் ஷாதிபூர் வீட்டின் மூன்றாம் மாடியை விட்டு என்னைக் கீழே இறங்கவே விடுவதில்லை.

நேற்றுப் பேத்தி ஜப்பான்காரர்களின் படக்கதை ஒன்றை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பெண் தீவில் மாட்டிக்கொண்டு மந்திரக் கப்பலுக்குக் காத்திருக்கிறாள். தலை நரைத்த பிறகும் காத்திருக்கிறாள்.

“தலைப்பு ‘நேத்து வரும் கப்பல்’னு இருக்கு பாட்டி. நேத்துன்னா வந்துச்சுன்னுதானே இருக்கணும்?”

“கட்சாலுக்கு எப்பப் போலாம்னு கேட்டா உங்கப்பன் என்னடி சொல்றான்?”

“கல் தேக்கேங்கே, பாக்கலாம்னு.”

“இந்தியில கல்லுன்னா?”

“நாளைக்கு.” பிறகு சிரித்துவிட்டாள். “நேத்துக்கும் அதேதான்!”

“அந்தக் கப்பல்தான்டி இது. நேத்து வரும், நாளைக்கு வந்துச்சு. இன்னைக்கு மட்டும் வராது.”

“ஜப்பான்காரனுக்கு இந்தி தெரியாது பாட்டி!”

“தீவுல கெடக்கிறவ பாடு தெரிஞ்சிருக்குல்ல?”

வாயால் கேட்டால் மகனிடமிருந்து அதே ‘கல்’தான் வரும். அதனால் இன்று எழுத்துக் கூட்டி இதை எழுதி முடித்தேன். அவன் இப்போதுதான் வேலையிலிருந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறான்.

“வா தாயி, உங்கப்பன் காதுல விழுற மாதிரி இதை வாசி.”