கொல்லைப்புறத்து நிழல் யாருக்கு

தையல் கம்பெனியில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். துணி வெட்டும் மேசையில் நிற்பதால் பாதி, வாய்க்காக மீதி. கணவர் நேரெதிர், யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிட்டு வருகிற மனுஷன். ஆட்டி ஆட்டித்தான் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த வெயில் போனது.

பக்கத்து மனையில் கொழுந்தன் அண்ணனிடம் சரி வாங்கி வாங்கியே மாடிமேல் மாடி எழுப்பினான். மூன்றாவது மாடி எழும்பியதும் இவர்கள் கொல்லை இருண்டது. தக்காளி வெளிறிச் செத்தது, மிளகாய் பூத்ததோடு சரி. ஒரு மழை பெய்தால் போதும், தரை நாள் கணக்கில் சொதசொதவென்று கிடக்கும். வீடு குளுகுளுவென்று இருக்குமே அண்ணி என்று அவன் சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காருகிற ரகம் இல்லை அவள். நாளெல்லாம் கால் கடுக்க நிற்பவளுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அந்தத் துண்டு மண் மட்டும்தான் இருந்தது. ஒரு விடுமுறை நாளில், துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துப் போய் மதில் சுவரிலேயே திட்டம் வரைந்தாள். ஈரத்தரையில் நட்டால் வேர் அழுகும். அதனால் செங்கல் அடுக்கி, முழங்கால் உயரத்துக்கு இரண்டு மேட்டுப்பாத்தி, நடுவில் ஆள் போக வழி. கையை நீட்டினால் பாத்தியின் நடு எட்டவேண்டும், அதற்குமேல் அகலம் கூடாது. ஒன்றில் புதினாவும் கீரையும். நிழலைக் கண்டு முகம் சுளிக்காதவை. இன்னொன்றில் கொடிகள். சுவரை ஒட்டி மிளகு. அவரைக்கு மட்டும் மொட்டைமாடிவரை கயிறு; காலடி நிழலில் இருந்தாலும் தலை வெயிலுக்குப் போய்விட்டால் அது காய்த்துவிடும். கொழுந்தனைத் திட்டிக்கொண்டேதான் இத்தனையும் யோசித்தாள்.

செங்கல் வந்து இறங்கிய அன்று கொழுந்தனும் வந்தான், கையில் அளக்கிற டேப்போடு. பாத்தி கட்ட உதவ வந்திருக்கிறான் என்று ஒரு நிமிஷம் ஏமாந்தே போனாள். அவன் பாட்டுக்குக் கொல்லையை நீளவாக்கில் அளந்தான். கார் நிறுத்த இடமில்லையாம். இருட்டில் சும்மா கிடக்கிற இடம்தானே, மதிலை இடித்துவிட்டுச் சிமெண்ட் போட்டுக்கொள்கிறேன் என்றான்.

"யாரக் கேட்டு அளக்குற?"

"அண்ணன்தான் சரின்னாரு, அண்ணி. போன மாசமே சொல்லிட்டாரே."

கணவர் செங்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. கொழுந்தன்மேல் வந்ததைவிட அவர்மேல்தான் அதிகம். அவள் சுவரில் கோடு போடுவதைப் பார்த்தபடியே டீ குடித்தவர், கயிறு எவ்வளவு வாங்கலாம் என்று அவள் கேட்டபோதும் தலையாட்டியவர், இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

"வெயில எடுத்துக்கிட்ட. நிழலாவது எனக்கு இருக்கட்டும். டேப்பச் சுருட்டு," என்றாள்.

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் நிமிரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே அவன் போய்விட்டான்.

கணவருக்குப் போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து முதல் வரிசையை அடுக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவரும் இரண்டு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். இதை எங்கே வைக்கவேண்டும் என்று மெல்லக் கேட்டார்.

அவள் தலை தூக்கவில்லை.

"செங்கல்லுக்கு மட்டும் என்னக் கேக்கத் தோணுதா?"