லோடு வண்டி ஏறினால் எழுத்து வராது

கம்ப்யூட்டர் படித்துவிட்டு கிண்டிப் பக்கம் நான் ஏறி இறங்காத கம்பெனி இல்லை. வாயைத் திறந்ததுமே சிரிப்பை அடக்கிக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். கொருக்குப்பேட்டையில் பிறந்தவள் கொருக்குப்பேட்டை மாதிரிதானே பேசுவாள்? எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இரண்டாயிரமாவது ஆண்டையொட்டி, திருவொற்றியூரில் ஒரு லாரி எடை மேடைக்குப் புரோகிராம் எழுதும் வேலை கிடைத்தபோது, அந்தக் கோபத்தையெல்லாம் போட்டு எழுதி முடித்தேன்.

எடை மேடை முதலாளி கறாரான ஆள். "இன்னிக்கு பூரா ஓட்டிப் பாப்போம். ஓடிச்சின்னா இனிமே நம்ம கம்ப்யூட்டர் வேலையெல்லாம் உனுக்குத்தான். ஓடலன்னா நாளிக்கு கிண்டி கம்பெனிக்காரன் வந்து அவன் பொட்டிய வெச்சிடுவான்" என்றார்.

மேடையை ஒட்டிய கேபினில் கம்ப்யூட்டர். திரையின் இடது பாதியில் எடை தானாக ஓடும் விண்டோ. அது வேறு யாரோ எழுதியது. வலது பாதி என்னுடையது. லாரி ஏறியதும் எடை போடுபவர் வண்டி நம்பரை அதில் அடிக்க வேண்டும். அவர் மீசை நரைத்த மனிதர், ஆனால் விரல் பறக்கும்.

காலி வண்டிகள் வந்தவரை எல்லாம் ஜோராக நடந்தது. முதல் லோடு கண்டெய்னர் ஏறியதும் கீபோர்டு செத்துவிட்டது. அவர் தட்டோ தட்டென்று தட்டினார். ஓர் எழுத்துகூட விழவில்லை. மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டியதும் திரும்ப வந்தது. அடுத்த காலி வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அடுத்த லோடுக்கு மறுபடி மண்டையைப் போட்டது.

"இன்னாம்மா, உன் புரோகிராமு லோடு வண்டியக் கண்டா பயப்புடுதா?" என்றார் முதலாளி. வரிசையில் நின்ற டிரைவர்கள் கேபின் ஜன்னலில் தலையை விட்டுச் சிரித்தார்கள். அழுகை முட்டியது. அதைவிட ஆத்திரம்தான் அதிகம்.

"சாப்பாட்டு வேள வரிக்கும் டைம் குடுங்க" என்றேன்.

விண்டோக்களை ஆள்வதற்கென்று முன்பே எழுதி வைத்திருக்கும் நிரல் நூலகம் ஒன்றை என் புரோகிராமில் சேர்த்திருந்தேன், அது ஒரு விநோதமான பிறவி. நாம் கேட்டதை மட்டும்தான் தரும். விசை அழுத்தினால் சொல் என்று கேட்டால் அதைச் சொல்லும். அதுவும் இத்தனையாம் எண் விசை என்றுதான் சொல்லும். அது என்ன எழுத்து என்று இன்னொரு தரம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த இரண்டாவது இடத்தில்தான் கோளாறு என்று நினைத்து, பொழுதை வீணாக்கினேன். வந்து சேரும் ஒவ்வொரு செய்தியையும் திரையின் அடியில் ஒரு வரியாக எழுத வைத்த பிறகுதான் தெரிந்தது, லோடு வண்டி ஏறும்போது விசைச் செய்தியே என் புரோகிராமுக்கு வந்து சேரவில்லை. சரி, கீபோர்டு என் விண்டோவை விட்டுப் போனால் அதையும் சொல் என்று ஒரு வரி சேர்த்தேன்.

ஒரு டிரெய்லர் ஏறியது. கேபின் கிடுகிடுத்தது. 'கீபோர்டு போய்விட்டது' என்ற வரி விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். மவுஸ் அம்பு இடது பக்கத்து எடை விண்டோவில் நின்றது. மேஜையைப் பார்த்தேன். கேபின் தரை இடப்பக்கம், மேடையை நோக்கிச் சரிந்திருக்கிறது, மேஜையும் அப்படியே. பாரவண்டி ஏறும் அதிர்வில் மவுஸ் மெல்ல நழுவி இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த கம்ப்யூட்டரில் அம்பு எந்த விண்டோமேல் நிற்கிறதோ, அடிக்கும் எழுத்து அதற்குத்தான் போகும். அவர் அடித்த நம்பரையெல்லாம் எழுத்தே வாங்கத் தெரியாத எடை விண்டோ விழுங்கிக்கொண்டிருந்தது!

"அட, இவ்ளோதானா? ஒரு செங்கல்ல முட்டு குடுத்துடலாம்" என்று எடை போடுபவர் எழுந்தார்.

"செங்கல்லு வெச்சி ஓட்றதுக்கா ராவும் பகலும் எழுதிகினு இருந்தேன்? குந்துங்கண்ணா" என்றேன்.

நூலகத்தில் அதற்கென்றே ஒரு கட்டளை இருந்தது. அம்பு எங்கே போனாலும் கீபோர்டு என் கையில்தான் என்று பிடித்துக்கொள்ளும் கட்டளை. ஒரே வரி. சேர்த்துவிட்டு முதலாளியைக் கூப்பிட்டேன். வரிசையிலிருந்ததிலேயே பெரிய டிரெய்லரை ஏற்றச் சொன்னேன்.

"அடிங்கண்ணா" என்றேன். அவர் நம்பரை அடிக்க ஆரம்பித்ததும் மவுஸை எடுத்து மேஜையெங்கும் இழுத்தேன். அம்பு திரை முழுக்கப் பேய் பிடித்தாற்போல் ஓடியது. எழுத்துகளோ ஒன்று பிசகாமல் என் விண்டோவில் வந்து உட்கார்ந்தன. டிரைவர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே விசில் அடித்தார்.

முதலாளி போனை எடுத்து கிண்டிக்குச் சுழற்றினார்.

"நாளிக்கு வர வேணாம் சார். நம்ம ஏரியா பொண்ணே போட்டுக் குட்த்துச்சு. ஆமா, நல்லா ஓடுது."

போனை வைத்துவிட்டு என்னிடம், "எண்ணூர்ல இன்னொரு மேடை கீது. எப்போ வர்றே?" என்றார்.

"இப்பவே போலாம் மொதலாளி" என்று என் கொருக்குப்பேட்டைத் தொண்டையில் கேபின் அதிரச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.