அஞ்சலை மகனின் நாக்குக் கட்டு

போன வாரம், முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு அஞ்சலையின் மகனுக்கு நாக்கடியில் ஒட்டியிருந்த சவ்வைக் கத்தரித்தார்கள். ஒரு துளி ரத்தம். ஒரு வீறல். முடிந்தது. இதற்கா இத்தனை நாள்?

தலைச்சன் பிள்ளை அது. பிறந்ததிலிருந்து மார்பைக் கவ்வும், நழுவ விடும், அழும். அவளுக்கோ பால் கட்டி, ரவிக்கையெல்லாம் நனையும். பிள்ளை வாடிக் கிடந்தான். போன மாதம் நான்தான் ஆஸ்பத்திரிக்குத் துணை போனேன்.

மெட்ராசில் படித்துவிட்டு வந்த சின்ன டாக்டர் வாயைத் திறந்து பார்த்தார். “நாக்குக் கட்டும்மா. துளி கத்தரிச்சா சரியாயிடும். ஆனா, பெரிய டாக்டர் சொல்லணும்.”

பெரியவர், பிரெஞ்சுக்காரன் எங்கள் ஊரை ஆண்ட நாளிலேயே படித்தவர். வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை! “எல்லாப் புள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும். ஒனக்குக் குடுக்கத் தெரியல.”

நர்ஸம்மா தன் பங்குக்கு, “ஏன் அலையிற? டின் பால் கலக்கிக் குடு” என்றாள்.

ஒருவர் படித்தது பிரெஞ்சில், ஒருவர் இங்கிலீஷில். பிள்ளை எந்த பாஷையிலும் குடிக்கவில்லை. பக்கத்துப் பக்கத்து அறை... எழுந்து போய் ஒரு வார்த்தை பேசினால் என்ன குறைந்துவிடும்?

வீட்டுக்கு வந்தோம். மாமியார் காதில் ஒரே சொல்தான் விழுந்தது.

“கட்டா? யாருடி வச்ச கட்டு?”

“செய்வினை இல்ல அத்தை. நாக்கு ஒட்டிக்கிட்டிருக்குதாம்.”

“அதான் பெரிய டாக்டரே ஒண்ணுமில்லன்னுட்டாரே! அப்போ இது வேற கட்டுதான்.”

மந்திரக்காரர் வந்தார். கட்டை அவிழ்க்கிறேன் என்று பிள்ளை இடுப்பில் தாயத்தைக் கட்டிவிட்டுப் போனார்! பாலாடைச் சங்கில் டின் பால் இறங்கியது. ‘குடுக்கத் தெரியாதவ’ என்ற பேர் மட்டும் தெரு முழுக்க நின்றது.

கத்தரிப்பதா, வேண்டாமா — அது டாக்டர்கள் பாடு. எனக்குத் தெரியாது. ஆனால் வாயையே பார்க்காமல் தாயைக் குற்றம் சொல்ல எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள்?

போன வாரம் பெரியவர் லீவு. சின்னவர் துணிந்து கத்தரித்தார். ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே அஞ்சலை பிள்ளையை அணைத்தாள். கவ்வினான். விடவில்லை. இழுத்தான், இழுத்தான்... பிறகு வீறிட்டான்.

“நல்லா இழுக்குறான்க்கா” என்றாள். “எனக்குத்தான் வத்திப்போச்சு.”

அவள் தாயத்தைத் திருகிக்கொண்டே கேட்டாள்:

“ஏங்க்கா, அந்தப் பெரிய டாக்டரு லீவைப் போன மாசமே போட்டிருக்கக் கூடாதா?”