போன விரல்கள் இருந்த இடம்

வேலி அடைக்கப் பனைமட்டை இழுத்தபோது கருக்கு (மட்டை ஓரத்து முள்) வலது உள்ளங்கையைக் கீறியது. மஞ்சள் பூசிவிட்டு வேலையைப் பார்த்தேன். நாலாம் நாள் கை கறுத்தது. எனக்கு நீரிழிவு. அழுகல் மேலே ஏறமுன்னம் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீரிழிவுக்காரர் சின்னக் கீறல் என்றாலும் அன்றைக்கே காட்டுங்கோ.

கைக்காக நான் அழவில்லை. என் மனிசனுக்கு (கணவருக்கு) கண் தெரியாது. என் வலது கைதான் அவருக்கு வழி. இடது கையில் எனக்கு ஊன்றி நடக்கிற பொல்லு, முழங்கால் நோவுக்கு.

முதல் செயற்கைக் கையில், தோள்பட்டை வாரை இழுத்தால் விரல்கள் மூடும். அதால் அவர் மணிக்கட்டைப் பிடித்து நடந்தால், எவ்வளவு இறுக்கினேன் என்று தெரியாது. ஒருநாள் அவர் சட்டைக் கையை மடித்தார். மணிக்கட்டெல்லாம் நீலம்.

"ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் அதைக் கழட்டி வைச்சிட்டு வீட்டோடை இருந்திடுவீர்."

கை செய்கிற இடத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனேன். அங்கிருந்த மிஸ் புதுவிதமான கை ஒன்றைப் பற்றிச் சொன்னா. விரல் நுனியில் சின்னக் காற்றுப் பை. அதை அமத்தினால் குழாய் வழியே காற்றுப் போய் மிச்சக் கையின் தோலை அமத்தும். வெட்டுப்பட்ட நரம்புகள் அந்தத் தோலில் பிடித்திருந்தால், போன விரலில் தொட்டமாதிரி இருக்குமாம். சரியான இடம் தெரிய வேணும்.

பேனை முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டா. "அம்மா, இது எங்கை தெரியுது?"

"மொட்டைக் கையிலைதான். வேறை எங்கை?"

ஒவ்வொரு இடத்துக்கும் அதே பதில். இல்லாத விரலில் தெரியுது என்றால் விசர் (பைத்தியம்) என்று எழுதிவிடுவா என்று பயம்.

வாங்கிலில் (பெஞ்சில்) இருந்த என் மனிசன் செருமினார். "மிஸ், இவ பொய் சொல்லுறா. பெருவிரல் கடிக்குது, சொறியுங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் என்னைப் போட்டு வதைக்கிறவ."

"இஞ்சருங்கோ, வாயை மூடுங்கோ!"

மிஸ் சிரித்தா. "ஐயா, எந்த இடத்திலை சொறியிறனீங்கள்?"

அவர் தடவிவந்து என் கையைப் பிடித்தார். "இது பெருவிரல். இஞ்சை சுட்டுவிரல். இதிலை தொட்டால் சின்னவிரல், கூச்சத்திலை துள்ளுவா." ஒரு இடமும் தவறவில்லை. மிஸ் நீலப் பேனையால் குறித்துக்கொண்டா. இதற்கு மாய உறுப்பு உணர்வு (போன உறுப்பு இருப்பதுபோலத் தெரிவது) என்று பெயராம். விசர் இல்லையாம். உங்களுக்கும் இப்படித் தெரிந்தால் ஒளிக்க வேண்டாம்.

புதுக் கை வந்த அன்று ஒரு தக்காளியைத் தந்தா. கண்ணை மூடிப் பிடித்தேன். பெருவிரலில் மெல்லிய அமத்தல். இல்லாத பெருவிரலில்! அதோடு நிறுத்தினேன். தக்காளி உடையவில்லை. சூடு குளிர் தெரியாதுதான். ஆனாலும் வெறும் காற்றை வைத்து இதைச் செய்தவ எவ்வளவு கெட்டிக்காரி.

இப்போது அவரை இறுக்குவதில்லை; அவர்தான் என் புதுக் கையின் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு வருவார். போன கிழமை கொடிகாமம் சந்தைச் சனத்துக்குள் நடந்துகொண்டிருந்தோம். பெருவிரலில் இருந்த அமத்தல் திடீரென்று இல்லை. திரும்பிப் பார்க்க முன்னமே என் கால் நின்றுவிட்டது.

பின்னால் அவர் ஒரு பலாப்பழத்தை மணந்துகொண்டு நின்றார். "ஏன் நிண்டிட்டீர்?"

"கையை விட்டிட்டீங்கள்."

"அது உமக்கு எப்பிடித் தெரியும்?" தெரிந்துகொண்டே கேட்டார்.

கையை நீட்டினேன். அவர் பழத்தை விட்டுத் தடவித் தேடி வரும்வரை பெருவிரல் காத்திருந்தது. சனம் இடித்துக்கொண்டு போனது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை.